மை படிந்த பீங்கான்

பாரிஸின் தென்கோடியில் வான்வ் வாயிலருகே சனி, ஞாயிறு காலைகளில் பழம்பொருள் சந்தை கூடும். சென்ற ஆண்டு பிப்ரவரி மாதக் குளிரில், அங்கே ஒரு மடக்குமேசையின் ஓரத்தில் கிடந்த சிறிய வெள்ளை மைக்கூடு ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுர வடிவம். நான்கு மூலைகளிலும் சிங்கத்தின் பாதம். விளிம்பில் பாதிக்கு மேல் தேய்ந்துபோன பொன்கோடு. நடுவில் மைக்குழி, அதைச் சுற்றி இறகுப் பேனாக்களைச் செருகுவதற்கு நான்கு துளைகள். அடியில் எந்த முத்திரையும் இல்லை. விற்றவர் அதைத் தம்முடைய குறைபோலவே எண்ணி, நான் கேட்பதற்கு முன்பே விலையைக் குறைத்தார். ஆனால் மைக்குழியின் உட்சுவரில், அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், காய்ந்து கருகிய பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. யாரோ ஒருவர் பல ஆண்டுகள் அந்த மட்டம்வரை மையை ஊற்றி, அதில் இறகைத் தோய்த்து எழுதியிருக்கிறார் என்பதற்கு அந்த வளையம் சாட்சி. அதற்காகவே அதை வாங்கினேன்.

எட்டு ஆண்டுகளாக நான் பழைய பிரெஞ்சுப் பீங்கானில் செய்த எழுதுமேசைப் பொருள்களைச் சேர்த்து வருகிறேன். மைக்கூடு, மணல்தூவி, பேனாத் தட்டு, அரக்கை உருக்குவதற்கான சிறு மெழுகுவர்த்தித் தண்டு, பணியாளரை அழைக்கும் மணி, முத்திரையின் கைப்பிடி, மோதிரத்தையும் சில்லறையையும் கழற்றி வைக்கும் குழித்தட்டு ஆகியவற்றோடு, மேசையின் வெற்றிடத்தை நிரப்புவதற்கென்றே செய்யப்பட்ட சில உருவப் பொம்மைகளும் என்னிடம் உண்டு. மொத்தம் 31 பொருள்கள். அவற்றுள் முத்திரை உள்ளவை 9 மட்டுமே. அந்த ஒன்பதிலும் மிகப் பெருமைக்குரிய முத்திரையைத் தாங்கியிருப்பதுதான் போலியானது. அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். பூச்சாடியையோ விருந்துத் தட்டையோ விட்டுவிட்டு இவற்றை ஏன் தேர்ந்தாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெரிய பூச்சாடிகள் பெரும்பாலும் கண்ணாடிப் பேழைக்குள்ளேயே வாழ்ந்து முடிந்தவை. எழுதுமேசைப் பொருள் நாள்தோறும் கையின் எண்ணெயும் மையின் துளியும் பட்டு வாழ்ந்தது. அது எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்தான் என் ஓய்வு நேரம் முழுவதும் செல்கிறது.

அக்காலத்து ஐரோப்பிய மையை நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்குகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஓக் மரத்தின் கிளையில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் புடைத்தெழும் முடிச்சை நாம் மாசிக்காய் என்று அறிவோம். அதை இடித்து ஊறவைத்த கஷாயத்தில் அன்னபேதியைக் கரைத்து, வேலம்பிசினைச் சேர்த்தால் அந்த மை கிடைத்துவிடும். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கருக்கும். நூறு ஆண்டுகளுக்குப் பின் பழுப்பாகும். அதன் அமிலத்தன்மை உலோகத்தை அரிக்கக்கூடியது. ஆகவேதான் வெள்ளியிலும் வெண்கலத்திலும் செய்யப்பட்ட மைக்கூடுகளின் உள்ளேகூடக் கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒரு சிறு கிண்ணத்தை வைத்தார்கள். கண்ணாடிபோன்ற மேற்பூச்சாகிய மெருகை ஏற்றிச் சுட்ட பீங்கானை அந்த மையால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. மேசையில் பீங்கான் இடம்பிடித்ததற்கு அழகு ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணம்.

மையை உலர்த்துவது வேறொரு சிக்கலாக இருந்தது. ஒற்றுத்தாள் 19-ஆம் நூற்றாண்டில் எங்கும் பரவும்வரை, ஈரமான எழுத்தின்மீது நுண்மணலைத் தூவினார்கள். எழுதுவதற்கு முன்பு தாளின் சொரசொரப்பை அடக்குவதற்குக் கணவாய் ஓட்டின் தூளையோ மரப்பிசின் தூளையோ தேய்ப்பதும் உண்டு. இவற்றை வைத்திருந்த துளையிட்ட சிறு கலத்தைச் சந்தையில் பலர் உப்புத்தூவி என்று எண்ணியே விற்கிறார்கள். வேறுபாட்டைக் காண்பது எளிது. உப்புத்தூவியின் தலை பொதுவாக மேல்நோக்கிக் குவிந்திருக்கும். மணல்தூவியின் தலையோ சிறு தட்டைப்போல் உட்குழிந்திருக்கும். தாளில் எஞ்சிய மணலை மடித்து எடுத்து, அந்தக் குழிவில் கொட்டி மீண்டும் கலத்துக்குள் இறக்குவதற்காகவே அப்படிச் செய்தார்கள். நான் வைத்திருக்கும் மூன்று மணல்தூவிகளுள் ஒன்றின் துளைகளுக்கிடையே இன்றும் கருநிற மணல்துகள்கள் சில மினுங்குகின்றன. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மணல்தூவி காலத்தைக் கணிப்பதற்கும் உதவுகிறது. மைக்கூடும் மணல்தூவியும் ஒரே தட்டில் இணையாக அமைந்த தொகுதி என்றால், அது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டையோ 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியையோ சேர்ந்தது. அதே தட்டில் மணல்தூவியின் இடத்தில் இரண்டாவது மைக்குழி, அதாவது சிவப்பு மைக்கு ஒன்று, வந்துவிட்டால், ஒற்றுத்தாளும் எஃகு முள்ளும் பழக்கத்துக்கு வந்த பிற்காலத்தைச் சந்தேகிக்க வேண்டும். இறகு செருகும் துளைகளையும் இவ்வாறே பார்க்கலாம். வாத்திறகின் தண்டுக்குச் சிறிய துளை போதும். மரப்பிடி கொண்ட எஃகுப் பேனாவைத் தட்டில் படுக்க வைப்பதே வழக்கம். இவை தவறாத விதிகள் அல்ல. ஆனாலும் அடியில் உள்ள முத்திரையைவிட நம்பத்தக்கவை.

இனி அந்தப் போலியின் கதை. சேகரிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே, ஒரு கடையில், என் வருவாய்க்கு மிகப் பெரியதான தொகையைக் கொடுத்து, ஆகாய நீல நிறத்தில் ஒரு பேனாத் தட்டை வாங்கினேன். நடுவில் மரீ அந்துவானெத் அரசியின் முகம். ஓரங்களில் தடித்த பொன்வேலை. அடியில், பாரிஸை அடுத்த செவ்ர் ஊரின் அரச பீங்கான் ஆலையின் முத்திரை. அந்த முத்திரை, நீல நிறத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும் இரண்டு எல் எழுத்துகள். லூயி மன்னரின் பெயரெழுத்துகள் அவை. அவற்றின் நடுவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். 1753-க்கு ஏ, 1754-க்கு பி என்று தொடங்கி, 1777-இல் அகரவரிசை முடிந்தபின் அடுத்த ஆண்டிலிருந்து இரட்டை எழுத்துகள் வந்தன. என் தட்டில் எஃப் என்ற எழுத்து இருந்தது. அதாவது 1758. வீட்டுக்கு வந்து, முத்திரை அட்டவணையை விரித்து அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

சில வாரங்களுக்குப் பின், பீங்கான் பழுதுபார்க்கும் தொழிலில் நீண்ட காலம் இருந்த ஓர் அம்மையாரிடம் அதைக் காட்டினேன். அவர் தட்டைக் கையில் வாங்கவே இல்லை. மரீ அந்துவானெத் எந்த ஆண்டில் பிறந்தார் என்று மட்டும் கேட்டார். 1755 என்றேன், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. 1758-இல் அவர் வியன்னாவில் மூன்று வயதுக் குழந்தை. பிரான்சுக்கு மணப்பெண்ணாக வந்தது 1770-இல். உயரக் கொண்டையிட்ட அரசியாக அவரை 1758-ஆம் ஆண்டுத் தட்டில் எந்த ஓவியரும் தீட்டியிருக்க முடியாது.

அதன்பின்தான் அவர் தட்டைக் கையில் எடுத்து, மெருகு ஏறாத அடிவிளிம்பை விரலால் தடவச் சொன்னார். வெள்ளையாக, இறுகி, உடைந்த கண்ணாடியின் பரப்பைப்போல் குளிர்ந்திருந்தது. இது கடினப் பீங்கான். கடினப் பீங்கானுக்குக் கயோலின் என்னும் வெண்களிமண் வேண்டும். அதைக் கொண்டு ஏறக்குறைய 1400 செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். ஜெர்மனியின் மைசென் ஆலை 1710 முதல் அதைச் செய்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் அந்த மண் இல்லை. ஆகவே சான்-க்லூ, ஷாந்தியி, வின்சேன் ஆகிய ஆலைகள் மணல், வெடியுப்பு போன்றவற்றை உருக்கி அரைத்த கண்ணாடித் தூளோடு கயோலின் அல்லாத வேறு களிமண்ணைச் சிறிதளவு சேர்த்து, அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுட்டு, மென்பீங்கான் என்று அழைக்கப்படும் ஒன்றைச் செய்தன. வின்சேன் கோட்டையில் 1740-இல் தொடங்கிய ஆலைதான் 1756-இல் செவ்ருக்கு இடம்பெயர்ந்து, 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் சொந்த உடைமையானது. லிமோஜ் நகருக்குத் தெற்கே உள்ள சேன்-இரியே என்னும் ஊரில் கயோலின் கண்டறியப்பட்டது 1768-இல். தார்னே என்ற அறுவை மருத்துவரின் மனைவி அந்த வெண்மண்ணைத் துணி வெளுப்பதற்குப் பயன்படுத்தி வந்ததாகவும், அவர் வழியாகவே அது வெளிப்பட்டதாகவும் அந்த ஊரார் சொல்லி வருகிறார்கள். எப்படியானாலும், 1758-ஆம் ஆண்டு எழுத்தைச் சுமந்த ஒரு செவ்ர்த் தட்டு கடினப் பீங்கானாக இருக்கவே முடியாது. படமும் மண்ணும் ஒருசேர அந்த முத்திரையைப் பொய்யென்று காட்டின. விற்றவரிடம் திரும்பச் சென்றேன்; அவர் பொருளைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

இத்தகைய போலிகள் எவ்வாறு பெருகின என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் நலிந்திருந்த செவ்ர் ஆலையின் தலைமையை 1800-இல் அலெக்சாந்த்ர் ப்ரோஞ்ஞார் ஏற்றார். 1847-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிடங்கில் வண்ணம் தீட்டப்படாமல் தேங்கியிருந்த பழைய வெள்ளைப் பீங்கானை அவருடைய காலத்தில் விற்றார்கள். மென்பீங்கான் செய்வதையும் நிறுத்தினார்கள். விற்ற வெள்ளைப் பண்டத்தைப் பாரிஸ் வண்ணத் தொழிலாளர்கள் வாங்கி, பழைய செவ்ர் பாணியில் நீலப் பின்னணியும் அரசவை மகளிரின் முகங்களும் தீட்டி விற்றார்கள். அப்படிப்பட்டவற்றில் மண்ணும் உண்மை, முத்திரையும் சில வேளைகளில் உண்மை, வண்ணம் மட்டும் பொய். இவைதான் கண்டறிவதற்கு மிகக் கடினமானவை. என் தட்டு அந்த அளவுக்கு மதிப்புடையதுகூட அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடக்கத்திலிருந்தே போலியாகச் செய்யப்பட்டது. பாரிஸில் 1845-இல் எட்மே சாம்சோன் தொடங்கிய தொழிலகத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மைசென், செவ்ர், சீனா என்று உலகின் எல்லாப் பீங்கானையும் அவர்கள் மறுபடி செய்தார்கள். இன்று சாம்சோன் பொருள்களையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டின் நேர்த்தி அதற்குத் தகுதியானதே.

பின்னாளில் செவ்ர் ஆலையே வேறொரு வழியைக் கடைப்பிடித்தது. வண்ணம் தீட்டாமல் விற்ற வெள்ளைப் பொருளின் பச்சை முத்திரைக்குக் குறுக்கே சக்கரத்தால் ஒரு கீறல் இட்டார்கள். இது எங்களிடம் சுடப்பட்டது, ஆனால் இதன் ஓவியத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது அதன் பொருள். முத்திரையைப் பார்ப்பவர்கள் அந்தக் கீறலைப் பார்ப்பதில்லை. சில கீறல்களின்மேல் பொன்னிறத்தில் சிறு பூ வரைந்து மறைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

மென்பீங்கானையும் கடினப் பீங்கானையும் பிரித்தறிவதற்கு விரலைவிடச் சிறந்த கருவி கிடையாது என்பதே என் அனுபவம். மென்பீங்கானின் வெண்மை சற்று மஞ்சள் கலந்தது, பாலாடையைப் போன்றது. அதன் மெருகு தடிப்பானது. வண்ணம் அந்த மெருகுக்குள் அமிழ்ந்து, ஈரச் சுவரில் தீட்டியதுபோல் ஓரம் கரைந்து நிற்கும். கடினப் பீங்கானில் வண்ணம் மெருகின்மேல் தனியாக அமர்ந்திருக்கும். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ஓவியத்தின் மேடு தெரியும். பொன்னையும் பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பொன்பொடியைத் தேனோடு குழைத்துப் பூசிச் சுட்டு, பின்னர் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தப் பொன் தடிப்பாக, மங்கலாக, உள்ளொளியோடு இருக்கும். 1830-ஐ ஒட்டி மைசெனில் உருவாக்கப்பட்ட திரவப் பொன்னோ சூளையிலிருந்து வரும்போதே பளபளக்கும். மலிவானது, மெல்லியது, விரைவில் உதிரும். என் போலித் தட்டின் பொன் அத்தகையது. அதை விற்காமல் இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கும்போதெல்லாம் அதன் அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

உண்மையான செவ்ர் மென்பீங்கான் எழுதுமேசைப் பொருள் ஒன்றை வாங்கும் வசதி எனக்கு இல்லை. பார்ப்பதற்கு மட்டுமாவது வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் லண்டன் சென்று, வாலஸ் சேகரிப்பு அருங்காட்சியகத்தில் ஒரு முழுப் பிற்பகலைக் கழித்தேன். அங்கே உள்ள இரு கோள மைக்கூடு 1758-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, உண்மையான 1758. பொற்கொல்லரும் வடிவமைப்பாளருமான துப்ளெசியின் கைவண்ணம். படகுபோல் நீண்ட தட்டின் ஒரு முனையில் பூவுலகக் கோளம், மறுமுனையில் வானக் கோளம், நடுவில் மெத்தைமீது அரசமுடி. கோளங்கள் எழுதுபொருளுக்கான கலங்கள். முடிக்குள் இருப்பது மணி. நிலமும் விண்ணும் அரசும் ஒரு மேசையில் அடங்க, அவற்றுக்கிடையே கையை நீட்டி மையைத் தொட்டு எழுதும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இதைவிட ஆடம்பரமான எழுதுபொருளை நான் கண்டதில்லை. ஆயினும் மூடிகள் எப்படித் திறக்கும், விரல் எங்கே பிடிக்கும் என்பதை ஒரு தச்சரின் கவனத்தோடு எண்ணிச் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி, உள்ளே மைக்கறை இருக்குமா என்றுதான் நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தெரியவில்லை.

என் கைக்கு எட்டுபவை இரண்டு வகை. ஒன்று, பழைய பாரிஸ் பீங்கான் என்று பொதுவாக அழைக்கப்படுவது. கயோலின் கிடைத்ததும், செவ்ர் ஆலைக்கு இருந்த தனியுரிமையின் பிடி தளர்ந்ததும், பாரிஸ் நகருக்குள்ளும் அதன் ஓரங்களிலும் தனியார் சூளைகள் எழுந்தன. அரச குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஓர் ஆலைக்குக் காப்பாளராக நின்று தடையிலிருந்து அதைக் காத்தார்கள். புரட்சிக்குப் பின் நாஸ்ட், தகோத்தி, தில் போன்றோர் நெப்போலியன் காலத்துச் செல்வர்களுக்காக அன்னமும் சிங்கப் பாதமும் பொன்பூச்சும் கொண்ட பொருள்களைச் செய்து குவித்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி முத்திரை இல்லாதது. வெள்ளைப் பண்டத்தை ஒருவர் சுட, வேறொரு தெருவில் இன்னொருவர் வண்ணம் தீட்ட, மூன்றாமவர் விற்ற தொழில் அது. யார் பெயரை அடியில் எழுதுவது? வான்வ் சந்தையில் நான் வாங்கிய சிங்கப் பாத மைக்கூடு இந்த வகையைச் சேர்ந்தது என்றே கருதுகிறேன்.

மற்றொன்று, ஜாக்கோப் பெத்தியின் பொருள்கள். என் சேகரிப்பில் எனக்கு மிக நெருக்கமானவை இவையே. 1796-இல் பிறந்த இவருடைய இயற்பெயர் ஜாக்கோப் மர்தோஷே. மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1830-களில் பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஃபோன்தேன்புளோவில் ஆலை நடத்தினார். நெப்போலியன் காலத்தின் நேர்கோடுகளில் சலிப்புற்றிருந்த மக்களுக்கு, பதினைந்தாம் லூயி காலத்துச் சுருள்களையும் பூக்களையும் இவர் மீண்டும் கொடுத்தார். அழகு மட்டும் அல்லாமல் பயன்பாடும் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார் என்பது அவருடைய பொருள்களைப் பார்த்தாலே தெரியும். நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் உருவம் வாசனைப் புட்டியாக இருக்கும். தலைப்பாகை அணிந்து அமர்ந்திருக்கும் உருவத்தின் மேற்பாதியை எடுத்தால் உள்ளே மைக்குழி இருக்கும். கடினப் பீங்கான்தான், ஆனால் இதழ்களைத் தனித்தனியாகக் கையால் உருட்டி ஒட்டியிருக்கிறார்கள். மெருகுக்கு அடியில் நீல நிறத்தில் ஜே, பி என்ற இரண்டு எழுத்துகள். இந்த எழுத்துகளையும் பிற்காலத்தார் பலர் தங்கள் பொருள்களில் இட்டிருக்கிறார்கள் என்பதால், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நான் பார்ப்பது இதழ்களின் ஓரத்தை. உண்மையானவற்றில் ஓரம் நகம் படும் அளவுக்கு மெல்லியது. பின்னர் அச்சில் எடுத்தவற்றில் அது மழுங்கியிருக்கும்.

ஒட்டிய பூக்கள் என்றதும் வின்சேன் நினைவுக்கு வருகிறது. அந்த ஆலையின் தொடக்கக் காலத்து விற்பனையில் பெரும்பகுதி பீங்கான் பூக்களே. வெண்கலக் காம்பில் பொருத்திய பீங்கான் பூக்களைச் சாடியில் நிரப்பி, குளிர்காலத்திலும் அறையில் தோட்டம் வைத்திருந்தார்கள். 1749-இல் பிரெஞ்சு இளவரசரின் மனைவி, தம் தந்தையாகிய சாக்சனி ஆட்சியாளருக்கு அப்படி ஒரு பூச்சாடியை ட்ரெஸ்டனுக்கு அனுப்பினார். மைசென் ஆலையின் உரிமையாளருக்கே பிரெஞ்சுப் பீங்கான் அன்பளிப்பாகப் போயிற்று!

புதுச்சேரியில் பிறந்தவன் என்பதால் இந்தத் தேடலில் எனக்குத் தனி ஈர்ப்பைத் தந்த செய்தி ஒன்று உண்டு. திப்பு சுல்தான் பதினாறாம் லூயியிடம் அனுப்பிய தூதர் குழு 1787-இல் எங்கள் ஊர்த் துறையிலிருந்தே கப்பலேறியது. மறு ஆண்டு ஜூன் மாதம் தூலோனில் இறங்கி, ஆகஸ்டு மாதம் வெர்சாய் அரண்மனையில் மன்னரைக் கண்டது. தூதர்கள் செவ்ர் ஆலையைச் சென்று பார்த்தார்கள். திரும்பும்போது செவ்ர்ப் பீங்கான் அன்பளிப்புகளைப் பெற்றார்கள். திப்பு கேட்டனுப்பிய கைவினைஞர்களின் பட்டியலில் பீங்கான் செய்வோரும் இருந்தார்கள். படை உதவி கிடைக்காமல் பீங்கானோடு திரும்பிய அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அரக்குக்கும் இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பெயின் மெழுகு என்று அழைத்த முத்திரை அரக்கின் மூலப்பொருள் இந்திய மரங்களில் அரக்குப் பூச்சி சுரந்தது. என்னிடமுள்ள ஒரு மெழுகுவர்த்தித் தண்டின் காலில் ஒட்டிக் கிடக்கும் சிவப்புத் துளியை அந்த நினைவோடுதான் பார்க்கிறேன்.

லிமோஜ் பொருள்களை நான் மிகுதியாக வாங்குவதில்லை. அவை நேர்த்தியானவை, ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்காகப் பேரளவில் செய்யப்பட்டவற்றில் பயன்பாட்டின் தடயம் அரிது. வாங்க விரும்புவோர் இரண்டு முத்திரைகளைத் தேட வேண்டும்: மெருகுக்கு அடியில் உள்ளது சுட்ட ஆலைக்குரியது, மெருகின்மேல் உள்ளது தீட்டிய கூடத்துக்குரியது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பின் வந்தது. இறக்குமதியாகும் பொருளில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விதி நடைமுறைக்கு வந்த ஆண்டு அது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஏலக்கூடங்களின் முன்பார்வை நாள்களே சிறந்த பள்ளி என்பேன். பாரிஸ் த்ருவோ ஏல மாளிகையில் ஏலத்துக்கு முன்பு யார் வேண்டுமானாலும் உள்ளே சென்று பார்க்கலாம்; கேட்டால் பொருளைக் கையிலும் கொடுப்பார்கள். விழும் விலைக்கு மேல் கூடத்தின் கட்டணமாகக் கால் பங்கு அளவுக்குச் சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கையில் எடுத்ததும் முதலில் மூடியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மூடியைப் பிடித்துத் தூக்கி உடைந்தவை ஏராளம். மூடியின் வெண்மையும் உடலின் வெண்மையும் ஒன்றா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வேறொரு கூட்டின் மூடியைப் பொருத்தி விற்பது மிகவும் சாதாரணம். உடலை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் நல்ல பீங்கான் மணிபோல் ஒலிக்கும்; மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மட்டுப்படும். புற ஊதாக் கைவிளக்கு ஒன்றை நான் எப்போதும் வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒட்டி வண்ணம் பூசிய இடங்கள் அந்த ஒளியில் வேறு நிறத்தில் விழித்துப் பார்க்கும். உடைந்து ஒட்டப்பட்டது என்பதாலேயே ஒன்றை நான் தள்ளிவிடுவதில்லை. ஒட்டியதை மறைத்து விற்பதையே தள்ளுகிறேன்.

தூய்மை செய்வதில் என் கருத்து சிலருக்கு ஏற்புடையதாக இராது. வெளிப்புறத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறேன். வெண்கலப் பூண் பொருத்தியவற்றை நீரில் அமிழ்த்துவதே இல்லை. பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கி ஏற்றிய பூண் அது. அந்த ஆவியைச் சுவாசித்தே பல பொற்பூச்சுக்காரர்கள் நோயுற்று இளமையில் இறந்தார்கள். அவ்வளவு விலை கொடுத்து ஏறிய பொன்னை உப்பும் காரமும் கலந்த நீரில் ஊறவைத்துக் கெடுப்பது எனக்குப் பொறுக்காது. மைக்கறையையும் நான் அகற்றுவதில்லை. வெளுப்பான்களில் ஊறவைத்துப் பளிச்சென்று வெள்ளையாக்கி விற்கிறார்கள். வாங்குவோரும் அதையே விரும்புகிறார்கள். மெருகில் நுண்வெடிப்பு உள்ள மென்பீங்கானுக்குள் அந்த நீர்மம் இறங்கினால் உடலையே சிதைக்கும் என்பது ஒருபுறம் இருக்க, எழுதியவரின் ஒரே தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

சென்ற கோடையில் ஒரு சிற்றூரின் தெருச் சந்தையில் அட்டைப்பெட்டி ஒன்று நிறையப் பள்ளி மைக்கூடுகள் கிடந்தன. பிரெஞ்சுப் பள்ளி மேசைகளின் மூலையில் ஒரு வட்டத் துளை இருக்கும். அதில் இறங்கி நிற்பதற்கென்றே செய்த, விளிம்பு அகன்ற, அலங்காரம் எதுவுமற்ற வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் அவை. 1965-இல் பந்துமுனைப் பேனாவைப் பள்ளிகளில் அனுமதிக்கும்வரை, இந்நாட்டுக் குழந்தைகள் அவற்றில் ஊதா நிற மையைத் தொட்டு எழுதினார்கள். என் தந்தையார் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பயின்றவர். விரல் நுனியில் போகாமல் நின்ற அந்த ஊதா நிறத்தைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். ஒன்றின் விலை இரண்டு யூரோ என்றார்கள். இரண்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, ஒன்றில் மட்டும் சிறிது நீர் ஊற்றி வைத்தேன். காலையில் பார்த்தபோது நீர் முழுவதும் ஊதாவாகியிருந்தது. மற்றொன்றில் நீர் ஊற்றவில்லை. அது சிங்கப் பாத மைக்கூட்டுக்கு அருகில், தன் கறையோடு, அப்படியே இருக்கிறது.